‘ஐடிக்காரங்க சும்மாதானே இருக்காங்க’ என்ற பேச்சை மாற்றுவது எப்படி?

அலுவலகத்தின் கணினிகளையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்ளும் ஐடி பிரிவின் அறையைக் கடந்து போகிறவர் கண்ணில் படுவது இவ்வளவுதான்: ஒருவர் நாற்காலியில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையில் ஒரு பச்சைக் கோடு 37 சதவீதத்தில் நிற்கிறது. கை கீபோர்டில் இல்லை.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் நடப்பது வேறு. 500 ஜிபி பேக்கப்பை (காப்பு நகலை) மீட்டெடுத்துச் சரிபார்க்கிறார்கள். 100 எம்பிபிஎஸ் லைனில், முழு வேகம் கிடைத்தாலும் அதற்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு ஜிபிபிஎஸ் இருந்தால் 1 மணி 7 நிமிடம். நடுவில் அறுந்துபோனால் உடனே பார்த்து மறுபடி தொடங்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய நாளே போச்சு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை. யாரும் சொல்லாததை அவர் எப்படி அறிவார்?

எனவே கோபப்பட்டுப் பயனில்லை, சொல்ல வேண்டும். சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘நான் எவ்வளவு பிசி தெரியுமா’ என்று நம் கணக்கில் சொன்னால் எடுபடாது, ஏனென்றால் அலுவலகத்தில் எல்லோரும் பிசிதான். கேட்பவருடைய கணக்கில் சொல்ல வேண்டும்: அவருடைய எந்த வேலை நிற்காமல் நடந்தது, அவருக்கு எத்தனை மணி நேரம் மிச்சமானது, நாம் இதைச் செய்யாமல் விட்டிருந்தால் அவருக்கு எது நின்றிருக்கும். கீழே உள்ள எல்லாமே இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்தான்.

முதலில், அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது

‘ரெண்டு நிமிஷ வேலைதானே’ என்பதுதான் அதிகம் கேட்கும் பேச்சு. காரணம் எளிது. அவர்கள் பார்ப்பது கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும்.

பாஸ்வேர்டு லாக் ஆன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்லாக் செய்ய 10 விநாடி போதும். ஆனால் கால் மணி நேரத்தில் மறுபடி லாக் ஆகிறது, திரும்பவும் ஆகிறது. அவர் நேற்று பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். பழைய பாஸ்வேர்டு எங்கோ சேமிக்கப்பட்டு, அவருக்குத் தெரியாமல் முயன்றுகொண்டே இருக்கிறது. எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வரின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4740 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடினால், எந்தக் கணினியிலிருந்து லாக் ஆனது என்று பெயர் கிடைக்கும். அங்கே மெயில் சர்வரின் பெயர் இருந்தால் பல சமயம் குற்றவாளி, மெயில் எடுக்க முயலும் அவருடைய போன். வேறு கணினியின் பெயர் இருந்தால், அவர் லாகவுட் செய்யாமல் விட்ட ரிமோட் செஷன், பழைய பாஸ்வேர்டோடு இணைத்த நெட்வொர்க் டிரைவ், பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜர், குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஷெட்யூல்டு டாஸ்க் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஓடிவிடும். கடைசியில் போனில் புதிய பாஸ்வேர்டை அடித்துக் கொடுக்கிறீர்கள். அவர் கண்ணில் பட்டது அந்த அடிப்பு மட்டும்தான்.

எனவே வேலை முடிந்ததும் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்: ‘உங்க போன்ல பழைய பாஸ்வேர்டு இருந்தது, அதுதான் திரும்பத் திரும்ப லாக் பண்ணிட்டிருந்தது. அடுத்த தடவை மாத்தினா போன்லயும் உடனே மாத்திடுங்க.’ பெரிய விளக்கம் வேண்டாம். இந்த ஒரு வாக்கியத்தில் வேலையும் தெரிகிறது, அவருக்குப் பயனும் இருக்கிறது.

‘ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்றதுக்கு ஒரு டிபார்ட்மென்ட்டா’ என்பது இன்னொன்று. இதற்கும் நியாயமான விடை உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் முழுதாக அணைவதில்லை. அதன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்து, மறுநாள் அப்படியே எழுப்புகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ‘நேத்து ராத்திரிகூட ஷட்டவுன் பண்ணேனே’ என்பவர் பொய் சொல்லவில்லை. அவரிடமே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவின் கீழே ‘அப் டைம்’ இருக்கும். ‘19 நாள்’ என்று அங்கே இருப்பதை அவரே பார்த்தால், ரீஸ்டார்ட் என்ற சொல்லின் மேல் இருந்த ஏளனம் போய்விடும்.

கணக்கு எழுதத் தொடங்குங்கள்

கையில் எண் இல்லாமல் இந்தப் பேச்சை வெல்ல முடியாது. முதல் நான்கு வாரம் யாரிடமும் எதையும் நிரூபிக்க முயலாமல், வேலைகளைப் பதிவுசெய்யுங்கள். உதவி கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ‘டிக்கெட்’டாகப் பதியும் மென்பொருள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்து எழுதும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்.

ஒவ்வொரு வேலைக்கும் எழுத வேண்டியவை: எந்தப் பிரிவு கேட்டது, என்ன கேட்டார்கள், எப்போது வந்தது, எப்போது முடிந்தது, கை வைத்துச் செய்த நேரம், காத்திருந்த நேரம், உண்மையான காரணம், திட்டமிட்ட வேலையா திடீர் வேலையா. கை வைத்த நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் தனித்தனியாக எழுதுவது மிக முக்கியம். விண்டோஸ் அப்டேட் இரண்டு மணி நேரம் ஓடியது, நீங்கள் தொட்டது 10 நிமிடம் என்றால் 10 என்றே எழுதுங்கள். இரண்டையும் கூட்டி எழுதினால், ஒரு நாளில் 14 மணி நேரம் வேலை செய்ததாக ஒருநாள் கணக்கு வரும். அதை ஒருவர் கண்டுபிடித்துக் கேட்டால், அதன் பிறகு உங்களுடைய எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நேரத்தை 15 நிமிட அளவில் எழுதினால் போதும். நிமிடக் கணக்காக எழுத முயன்றால் இரண்டாம் வாரமே கை ஓய்ந்துவிடும். வேலை வகைகள் எட்டு, பத்துக்கு மேல் வேண்டாம். பாஸ்வேர்டும் அணுகலும், கணினிக் கோளாறு, பிரின்டர், நெட்வொர்க், மென்பொருள், புதியவர் சேர்தலும் விலகலும், பராமரிப்பு, பாதுகாப்பு என்ற அளவில் நின்றுகொள்ளுங்கள். முப்பது வகை வைத்தால் பாதி வேலை ‘மற்றவை’யில்தான் போய் விழும்.

கணக்கிலிருந்து நழுவுவது நடைபாதை வேலைதான். ‘போற போக்குல இதை ஒண்ணு பாத்துடுங்க’ என்பவை ஒரு நாளில் எத்தனை வந்தன என்று மாலையில் நினைத்துப் பார்த்தால் பாதி மறந்திருக்கும். போனிலேயே நிரப்பும் நான்கு கட்டப் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த மேசையை விட்டு நகருமுன் 30 விநாடியில் எழுதிவிடுங்கள்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. டிக்கெட் முறை வந்த மறுநாளே ‘டிக்கெட் போடுங்க, அப்பதான் பார்ப்பேன்’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவார்கள். அவசரத்தில் நிற்பவருக்கு அது சோம்பேறித்தனமாகவே தெரியும். முதல் இரண்டு மூன்று தடவை அவருக்காக நீங்களே டிக்கெட்டைப் போட்டு, முடிந்த செய்தியை அதன் வழியே அனுப்புங்கள். தன் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பது அங்கே தெரிகிறதென்று கண்டதும் பெரும்பாலானவர்கள் தாமாகவே போடத் தொடங்குவார்கள்.

இன்னொரு பள்ளம்: டிக்கெட்டின் எண்ணிக்கையை உழைப்பின் அளவாகக் காட்டுவது. 40 பாஸ்வேர்டு டிக்கெட் முடித்தவர், ஒரே ஒரு சர்வர் மாற்றத்தை மூன்று நாள் திட்டமிட்டவரைவிட அதிகம் உழைத்தவராகத் தெரிவார். பிறகு எல்லோரும் சின்ன வேலையாகப் பொறுக்கத் தொடங்குவார்கள், கடினமானது கிடப்பில் கிடக்கும். எண்ணிக்கையைக் குழுவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மணி நேரத்தையும் விளைவையும் சொல்லுங்கள்.

யாரும் கேட்காமல் செய்யும் வேலை

ஐடியின் பெரும்பங்கு வேலைக்கு டிக்கெட்டே வராது, யாரும் கேட்பதில்லை. அதனால் நீங்களே உங்களுக்கு டிக்கெட் போட்டுக்கொள்ள வேண்டும், தானாகத் திரும்ப வரும்படி.

மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாயன்று பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அவற்றை முதலில் வெவ்வேறு பிரிவைச் சேர்ந்த ஐந்து, பத்துக் கணினிகளில் போட்டு, இரண்டு மூன்று நாள் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு அனுப்பி, சர்வர்களை இரவில் முடித்து, எவை தவறின என்று பட்டியல் எடுத்துத் திரும்பப் போடுவது வரை எல்லாம் சேர்ந்ததே ஒரு வேலை. பேக்கப் எடுப்பது ஒன்று, அதிலிருந்து மீட்டுப் பார்ப்பது வேறொன்று. ‘பேக்கப் வெற்றி’ என்று தினமும் மெயில் வரும், ஆனால் திறந்து பார்த்தால் புதிதாகச் சேர்த்த டேட்டாபேஸ் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. காலாண்டுக்கு ஒரு முறையாவது மீட்டுப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிவையுங்கள். யூபிஎஸ்ஸின் லெட் ஆசிட் பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு தாங்கும். போட்ட தேதியை அதன் மேலேயே ஒட்டி, மூன்றாம் ஆண்டிலிருந்து சோதனையை அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். விலகியவர்களின் கணக்கை மூடுவது, லைசென்ஸ் புதுப்பிப்பு, சர்வர் பதிவேடுகளைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் இப்படியே.

சான்றிதழ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலை பெருகிக்கொண்டே போகிறது. இணையதளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்கு உறுதிசொல்லும் டிஎல்எஸ் சான்றிதழ் ஒரு காலத்தில் 398 நாள் வரை செல்லும். 2025இல் எடுக்கப்பட்ட முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் புதிதாகத் தரும் சான்றிதழுக்கு 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்தான் உச்சவரம்பு. உங்களிடம் 10 சான்றிதழ் இருந்தால் ஆண்டுக்குப் பத்துப் புதுப்பிப்பில் முடிந்தது, 2029க்குப் பிறகு 80ஐத் தொடும். கையால் செய்து மாளாது, தானியங்கியாக்கியே ஆக வேண்டும். அந்தத் தானியங்கியை அமைப்பது, தவறினால் எச்சரிக்கை வரும்படி செய்வது, பழைய கருவி ஒன்று ஒத்துழைக்காதபோது மாற்றுவழி தேடுவது எல்லாம் மணிக்கணக்கான வேலை. ‘எல்லாம் தானா நடக்குதே’ என்று சொல்பவரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். தானாக நடக்கும்படி செய்ததற்கு எத்தனை மணி நேரம் ஆனது, அதற்கு முன் மாதம் எத்தனை மணி நேரம் போனது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

‘ஒரு லேப்டாப் தானே, எடுத்துக் குடுங்க’

எதை உடைத்துக் காட்டினால் புரியும் என்று தேடினால், புதியவர் சேரும் வேலைதான் மிகப் பொருத்தம். எல்லாப் பிரிவுக்கும் அது தெரிந்தது, எல்லோருக்கும் அவசரமாக வேண்டியது. வெள்ளி மாலை ஐந்து மணிக்குத்தான் ‘திங்கட்கிழமை ஒருத்தர் சேர்றார்’ என்று செய்தியும் வரும்.

அதை இப்படி எழுதிக் காட்டுங்கள். இருப்பிலிருந்து எடுத்துச் சொத்து எண் ஒட்டிப் பதிவேட்டில் ஏற்ற 10 நிமிடம். டிஸ்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் என்க்ரிப்ஷன் போட்டு, மீட்புச் சாவி சேமிப்பாகிவிட்டதா என்று பார்க்க 10 நிமிடம். ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் விண்டோஸ் அப்டேட்டும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம், அதில் கை வைப்பது 15 நிமிடம். கணக்கு, மெயில், லைசென்ஸ், குழுக்கள் 30 நிமிடம். பிரிவுக்கு வேண்டிய மென்பொருள் 30 நிமிடம். வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் நுழைவதற்கான விபிஎன், பிரின்டர், ஷேர் ஃபோல்டர் ஆகியவற்றை அந்தக் கணக்கிலேயே நுழைந்து சோதிக்க 20 நிமிடம். வந்த நாளில் அவரோடு உட்கார்ந்து இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமைக்க 20 நிமிடம். கை வைத்த நேரம் இரண்டேகால் மணி, மொத்தத்தில் மூன்று முதல் நான்கு மணி நேரம். இவை சுமாரான அளவுகள், உங்கள் பதிவிலிருந்து உங்களுடைய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எது இழுத்தடிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். லைசென்ஸ் தீர்ந்திருந்தால் ஒப்புதல் வரும்வரை எதுவும் நகராது. ‘முன்னாடி இருந்தவருக்கு இருந்த அக்சஸ் அப்படியே குடுங்க’ என்பது அதைவிடச் சிக்கல். பத்து வருடம் பல பிரிவில் வேலை செய்தவரின் அனுமதிகளை அப்படியே நகலெடுத்தால், சம்பளப் பட்டியல் ஃபோல்டர் வரை புதியவருக்குத் திறந்துவிடும். அதனால்தான் ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். கேட்பது பிகு பண்ணுவதுபோலத் தெரியும், காரணத்தைச் சொன்னால் மனிதவளப் பிரிவே அடுத்த முறை பட்டியலோடு வரும்.

இந்த ஒரு பக்கத்தை மனிதவளப் பிரிவுக்குக் கொடுத்து, ஐந்து வேலைநாள் முன்னதாகப் படிவம் வேண்டும் என்று பேசி முடியுங்கள். எந்தத் தேதியில் படிவம் வந்தது, லேப்டாப் எப்போது தயார் என்பது இரண்டு மாதப் பதிவில் இருந்தால், தாமதம் எங்கே பிறக்கிறது என்பதற்குத் தனியாக வாதம் தேவைப்படாது.

மாதம் ஒரு பக்கம்

மாதந்தோறும் மற்றப் பிரிவுகளுக்கு ஓர் அறிக்கை அனுப்புங்கள், ஒரே பக்கத்தில். அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைத்துக்கொள்ளுங்கள். ‘டேட்டாபேஸ் இன்டெக்ஸ் ரீபில்ட் முடிந்தது’ என்று எழுதினால் கணக்குப் பிரிவுக்கு ஒன்றும் விளங்காது. ‘பில் போடும் திரை திறக்க 14 விநாடி எடுத்தது, இப்போது 3 விநாடி’ என்று எழுதினால், நாளுக்கு நூறு பில் போடுகிறவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்திருந்தால்தான் இப்படி எழுத முடியும். பலரும் முன்னால் அளக்க மறந்துவிடுகிறார்கள்.

சதவீதத்தில் பேசாதீர்கள். சர்வர் 99 சதவீத நேரம் இயங்கியது என்றால் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கு மூன்று நாள் 15 மணி நேரத்துக்கு மேல் நின்றது என்று பொருள். 99.9 என்றால் 8 மணி 45 நிமிடம். 99.99 என்றால் 53 நிமிடத்துக்குள். நிமிடமாகவும் மணியாகவும் சொல்லுங்கள், அலுவலக நேரத்தில் நின்றதையும் இரவில் நின்றதையும் பிரித்துச் சொல்லுங்கள். அடுத்த மாதம் எந்த நாளில் எது நிற்கப்போகிறது என்பதும் அதே பக்கத்தில் வரட்டும். போலி மெயிலைத் திறந்தவர், லேப்டாப்பில் தண்ணீர் கொட்டியவர் என்று ஆளைக் காட்டும் எதுவும் அதில் வரக் கூடாது. பிரிவு சிறியதென்றால் பிரிவின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் நின்றுபோகும் நாளில்

உங்கள் வேலையை எல்லோரும் உற்றுப் பார்க்கும் நாள் அதுதான். முதல் செய்தி 15 நிமிடத்துக்குள் போக வேண்டும்: எது நின்றது, யாருக்கு, அதுவரை எப்படிச் சமாளிப்பது, அடுத்த செய்தி எத்தனை மணிக்கு. காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள், ஆனால் சொன்ன மணிக்கு அடுத்த செய்தி போய்விட வேண்டும், ‘இன்னும் தேடுகிறோம்’ என்பதாக இருந்தாலும் சரி. சரிசெய்கிறவர் வேறு, செய்தி சொல்கிறவர் வேறாக இருக்கட்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் இரண்டும் கெடும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. தீர்வு காகிதத்தில் மிகச் சிறியது: மிகக் குறைந்த நிரல்களோடு இயங்கும் சேஃப் மோடில் தொடங்கி ஒரு கோப்பை நீக்கி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது. விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷனான பிட்லாக்கர் போட்டிருந்தால் அந்தக் கணினிக்கே உரிய 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி எடுத்து அடிக்க வேண்டும், அதுவும் சாவி வைத்திருந்த சர்வரே விழாமல் இருந்தால். கணினிக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் 200 கணினிக்கு 33 மணி நேரம். ‘ஒரு ஃபைலை டெலீட் பண்ண ஒரு நாளா’ என்று கேட்பவருக்கு, இந்தப் பெருக்கலை வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டினால் போதும்.

எல்லாம் சரியான பிறகு இரண்டு மூன்று நாளில் ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள். என்ன நடந்தது, ஏன், மறுபடி வராமல் இருக்க என்ன செய்திருக்கிறோம். நம்முடைய தவறென்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். மூடி மறைத்தது வெளியே வந்தால், அதுவரை சேர்த்த நம்பிக்கை எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

பக்கத்தில் உட்கார வையுங்கள்

எந்த அறிக்கையும் செய்யாததை இரண்டு மணி நேரப் பார்வை செய்யும். அதிகம் குறைசொல்லும் பிரிவிலிருந்து ஒருவரை, வேலை நெரிசலான காலையில், உதவி மேசையில் உங்களோடு உட்காரச் சொல்லுங்கள். மெயில், சம்பளம், தனிப்பட்ட கோப்பு எதுவும் அவர் கண்ணில் படாத வேலையாக முன்கூட்டியே பொறுக்கிக்கொள்ளுங்கள். விளக்கவுரை வேண்டாம். ஒரு போன் அழைப்பின் நடுவில் இரண்டு பேர் மேசைக்கு வந்து நிற்பதையும், விட்ட இடத்தைப் பிடிக்க நீங்கள் திணறுவதையும் அவரே பார்த்துக்கொள்வார்.

பதிலுக்கு நீங்களும் மாதக் கடைசியில் கணக்குப் பிரிவில் அரை நாள் உட்காருங்கள். பிரின்டர் நின்றதும் அவர்கள் ஏன் அப்படிக் கத்துகிறார்கள் என்பது அங்கேதான் விளங்கும். ‘யூசருக்கு ஒண்ணும் தெரியாது’ என்ற நம் பக்கத்துப் பேச்சும் அதே அளவு தவறானது. ஐடி அறைக்குள் யூசரைக் கேலி பேசும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், எப்படியும் அது வெளியே கேட்டுவிடும்.

இரவு வேலையும் மறுநாள் காலியான நாற்காலியும்

இரவு 11 மணிக்கு வரும் வாட்ஸ்அப்புக்கெல்லாம் பதில் சொல்லி உழைப்பைக் காட்ட முயலாதீர்கள். ஒரு வாரம் பாராட்டுவார்கள், இரண்டாம் வாரம் அது உங்கள் கடமையாகிவிடும். அவசரத்துக்கு ஒரு எண், முறை வைத்து ஒரு ஆள், எது அவசரம் என்பதற்கு நான்கு வரி. அவ்வளவு போதும்.

சர்வர் வேலை நள்ளிரவு 1 முதல் 4 வரை நடக்கிறது. செய்தவர் மறுநாள் மதியம் 12 மணிக்கு வருகிறார். காலை 9 மணிக்குக் காலியான நாற்காலியைப் பார்ப்பவருக்கு அந்த 1 முதல் 4 தெரியாது. ‘சும்மாதான் இருக்காங்க’ என்ற பேச்சு பெரும்பாலும் பிறப்பது அந்த நாற்காலியிலிருந்துதான். எனவே வேலைக்கு நேரம் குறிக்கும்போதே, எல்லோரும் பார்க்கும் காலண்டரில் இரண்டு பதிவாகப் போடுங்கள். முதல் பதிவு: ‘இரவு 1 – 4, மெயில் சர்வர் பராமரிப்பு.’ இரண்டாவது: ‘மறுநாள் 12 மணிக்கு வருவார். அதுவரை தொடர்புக்கு இன்னார்.’ வேலை முடிந்ததும் அங்கிருந்தே எல்லோருக்கும் ஒரு வரி மெயில்: ‘மெயில் சர்வர் பராமரிப்பு 3:50க்கு முடிந்தது, எல்லாம் இயங்குகிறது.’ காலையில் வந்ததும் அவர்கள் திறக்கும் முதல் மெயில் அதுவாக இருக்கட்டும்.